கடலோரக் குப்பமும் இரண்டு பஞ்சாயத்துகளும்: எதை, யாரிடம், எந்த வடிவில் கேட்பது

உங்கள் கேள்வியின் சாரம் இது. சோழமண்டலக் கரையில் உள்ள ஒரு சிறிய மீனவக் குப்பத்தில் கடலரிப்பு ஆண்டுக்கு ஆண்டு வீடுகளை நெருங்கி வருகிறது. அடிகுழாய்த் தண்ணீர் உப்பாகிவிட்டது. பெண்கள் கருவாடு காயவைத்துவந்த மணல்வெளியில் தனியார் ஒருவர் கம்பி வேலி போட்டிருக்கிறார். ஊராட்சி அலுவலகத்தில் ‘இவை எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் ‘அமைச்சரைப் பார்த்துத் தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்) கேட்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம்’ என்கிறார்கள். இந்த நிலையில் கிராம சபையில் பேசுவதால் பயன் உண்டா, அல்லது அது வெறும் சடங்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிராம சபையின் தீர்மானம் மட்டும் இந்த மூன்றில் ஒன்றையும் தீர்க்காது. ஆனால் அது இல்லாமல் தொடங்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஒரு மனுவாகவும் ஒரு புகைப்படமாகவும் முடிந்துவிடுகின்றன. காரணம், உங்கள் மூன்று குறைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே குறைதான்: தலைமுறைகளாக நீங்கள் பயன்படுத்திவரும் கரை, அரசின் பதிவேடுகளில் புறம்போக்கு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கரைவலை இழுக்கும் இடம், ஏலம் நடக்கும் இடம், கருவாட்டுக் களம் என்று உங்களுக்குத் தெரிந்த எதுவும் அதில் இல்லை. ஆகவே தூண்டில் வளைவு கேட்பதற்கு முன்பாகவே உங்கள் கரை எது, அதில் என்ன நடக்கிறது என்பதை எழுத்தில் ஏற்றியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதைப் பிரித்துக்கொள்வோம். கடலோர ஊரில் பஞ்சாயத்து இரண்டு. ஒன்று, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த ஊராட்சி. மற்றொன்று, சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஊரில் இருக்கும் ஊர்ப் பஞ்சாயத்து. கோடியக்கரைக்கு வடக்கே நாட்டார், பஞ்சாயத்தார் என்றும், தெற்கே கத்தோலிக்க மீனவ ஊர்களில் பங்குத்தந்தையைச் சார்ந்த ஊர்க் கமிட்டி என்றும் வெவ்வேறு வடிவில் இயங்குவது. எந்த நாளில் எந்த வலை, படகுக்கு இவ்வளவு வரி, கோயில் செலவு, பக்கத்து ஊருடன் தகராறு வந்தால் பேச்சுவார்த்தை ஆகிய எல்லாவற்றையும் நடத்துவது இரண்டாவதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் நிவாரணப் பட்டியல் தயாரித்ததும், பொருளைப் பங்கிட்டதும் இந்த அமைப்புகளே. கடலைப் பற்றிய அறிவும் ஊரைத் திரட்டும் வலிமையும் அவர்களிடம் இருப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு அலுவலகத்தில் சட்டப்பூர்வமான இடம் இல்லை. பல ஊர்களில் அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அபராதம், ஊர்விலக்கம் போன்றவற்றைச் சட்டம் ஏற்பதும் இல்லை.

ஊராட்சியில் உள்ள சிக்கல் வேறு வகையானது. பெரும்பாலான குப்பங்கள் தனி ஊராட்சிகள் அல்ல; உள்ளே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி வயலை நம்பி வாழும் ஒரு பெரிய கிராமத்தின் ஒன்றோ இரண்டோ வார்டுகளாக இருக்கின்றன. கிராம சபை அந்தப் பெரிய கிராமத்தின் பள்ளி வளாகத்தில் நடக்கிறது. அது நடக்கும் காலை நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள் அல்லது கரையேறி வலையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் மீன் கூடையுடன் சந்தையில் இருப்பார்கள். எனவே கடலோரத்தின் எந்தக் குறையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறாமலே ஆண்டுகள் கழிகின்றன. இதற்கு யாருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. நேரமும் தூரமும் போதும்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாட்களில் கூடிவந்தது; 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறு நாட்கள் ஆயின. 1998-ஆம் ஆண்டின் விதிகளின்படி, 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லத் தேவையான குறைவெண் நிறைவேறும். இந்த எண்களைக் கவனியுங்கள். பெரிய கிராமத்தில் மக்கள் ஆர்வமின்றி இருக்கும் ஒரு நாளில், உங்கள் குப்பத்திலிருந்து எழுபது, எண்பது பேர் வந்து கையெழுத்திட்டால் அந்தச் சபையின் போக்கே மாறிவிடும். அந்த எண்பது பேரில் பாதியாவது பெண்களாக இருக்கட்டும் என்பேன். கருவாட்டுக் களமும் குடிநீரும் அவர்களுடைய அன்றாடம் என்பது ஒரு காரணம். ஊர்ப் பஞ்சாயத்தில் கிடைக்காத பேச்சுரிமை அவர்களுக்கு இங்கே சட்டப்படி இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

இப்போது ஊராட்சி அலுவலகத்தின் பதிலுக்கு வருவோம். கடலில் கல் கொட்டுவது ஊராட்சியின் வேலை அல்ல என்பது உண்மை; நீர்வளத் துறையோ மீன்வளத் துறையோ செய்ய வேண்டியது அது. ஆனால் ‘எதுவுமே எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்பது சரியல்ல. ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர்க் கிணறு, மயானம் ஆகியவற்றை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாக வைக்கிறது. அடுத்த பிரிவு, விருப்பத்தின்பேரில் செய்யக்கூடியவற்றில் படகுத் துறைகளைத் திறந்து பராமரிப்பதையும் சேர்த்திருக்கிறது. கட்டடம் கட்டவும் வேலி போடவும் ஊராட்சியின் பெயரில் அனுமதி எதுவும் வழங்கப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர்களுக்கு உண்டு.

கடலரிப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூண்டில் வளைவு என்ற ஒற்றைக் கோரிக்கை இங்கேதான் ஊர்களை ஏமாற்றுகிறது. கோடியக்கரைக்கு வடக்கே, ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய சில மாதங்களில் திசை மாறித் தெற்காக நகர்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. இந்த ஓட்டத்தின் குறுக்கே கடலுக்குள் எதைக் கட்டினாலும் அதன் தென்புறம் மணல் சேரும். வடபுறம் மணல் வரத்து நின்று கரை கரையும். சென்னைத் துறைமுகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மீனவக் கரைகள் அரிக்கப்பட்டதும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் நகரின் கடற்கரை மணல் காணாமல்போனது. அங்கே கல் கொட்டியபோது அரிப்பு இன்னும் வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களுக்கு நகர்ந்தது. தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, நாட்டின் கரையில் 33.6 சதவீதமும் தமிழ்நாட்டின் கரையில் 42.7 சதவீதமும் அரிப்புக்கு உள்ளானதாகக் கணக்கிட்டது.

ஆகவே உங்கள் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டருக்குள் துறைமுகமோ, முகத்துவாரச் சுவரோ, பக்கத்து ஊரின் தூண்டில் வளைவோ அண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால், உங்கள் கரைக்கு வர வேண்டிய மணல் அங்கே தேங்கி நிற்கிறது. அப்போது பொருத்தமான கோரிக்கை, அங்கே சேர்ந்த மணலை எடுத்து வடபுறத்தில் சேர்ப்பதும், கட்டுமானத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி (கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று வரையறுப்பவை) வழங்கிய அனுமதியில் இதைப் பற்றிய நிபந்தனை இருந்தால் அதை நிறைவேற்றச் செய்வதும் ஆகும். உங்கள் ஊருக்கும் ஒரு தூண்டில் வளைவு வந்துவிட்டால் உங்கள் வீடுகள் சில ஆண்டுகள் நிற்கலாம். ஆனால் உங்களுக்கு வடக்கே உள்ள குப்பம் இதே கேள்வியைக் கேட்கத் தொடங்கும். உறவுமுறையும் கொள்வினை கொடுப்பினையும் உள்ள ஊர்கள் இப்படி ஒன்றை ஒன்று அரிக்கும் நிலைக்கு வந்திருப்பது வேதனையானது. அதற்காக வீடு இழக்கப்போகும் ஒருவரிடம் கல் கேட்காதே என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கேட்பதாக இருந்தால், வடக்கே உள்ள இரண்டு மூன்று ஊர்களையும் சேர்த்து, ஒற்றைச் சுவராக இல்லாமல் அந்தக் கரைப்பகுதி முழுமைக்குமான ஆய்வோடு கேளுங்கள். இதைப் பேசி முடிக்க ஊர்ப் பஞ்சாயத்தாரை விடப் பொருத்தமானவர்கள் வேறு யாரும் இல்லை. வலைத் தகராறுகளில் பல ஊர்களைக் கூட்டிப் பேசும் வழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

தண்ணீருக்கு வருகிறேன். கடலோரத்தில் நல்ல தண்ணீர் இருப்பது மணல்மேடுகளின் தயவால்தான். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிட அடர்த்தியான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீர் தள்ளி நிறுத்தப்படும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. கணக்கின் மறுபக்கம்தான் ஆபத்தானது: மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரும். மேட்டை மட்டமாக்கி மனை பிரித்தாலும், மணலை அள்ளினாலும், ஆழ்துளைக் கிணற்றில் நாள் முழுவதும் மோட்டார் ஓடினாலும் இதுவே நடக்கிறது. உங்கள் குப்பத்தில் அடிகுழாய் உப்பானது எந்த ஆண்டில், அதே காலத்தில் அருகில் என்ன வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

அருகில் வந்தது இறால் பண்ணை என்றால், அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் அமைவதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த வழிகாட்டு விதிகள், 500-க்கு மேல் மக்கள் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டரும், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டரும் பண்ணை தள்ளியிருக்க வேண்டும் என்று கூறின. சட்டத்தில் 2023-இல் திருத்தங்கள் வந்துள்ளன. எனினும் பதிவு பெறாமல் பண்ணை நடத்த முடியாது என்பது மாறவில்லை. சென்னையில் உள்ள அந்த ஆணையத்திடமும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திடமும் குறிப்பிட்ட புல எண்ணைச் சொல்லி, பதிவு உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் ஊருக்கு வந்துவிட்டால் மேட்டைப் பற்றிய கவலை விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். குழாயின் கடைசி முனையில் இருப்பது எப்போதும் குப்பம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை மதிப்பிடுங்கள்.

வேலிப் பிரச்சினையில்தான் உங்கள் கை வலுவாக இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991, 2011, 2019 என மூன்று முறை வெளிவந்திருக்கிறது. ஊரகக் கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை ‘வளர்ச்சியற்ற பகுதி’, அதாவது பொதுவாகப் புதிய கட்டுமானம் கூடாத பகுதி, என்பது நெடுநாளைய விதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில், கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டங்கள் ஒப்புதல் பெற்றபின், அதை 50 மீட்டராகக் குறைக்க வழிவிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டுத் தற்காலிகச் சுற்றுலா வசதிகள் அமைக்கவும் அது இடம் தருகிறது. எனவே ‘200 மீட்டருக்குள் எதுவுமே கூடாது’ என்று மட்டும் வாதிட்டால் எதிர்த்தரப்பு எளிதாகத் தப்பிவிடும். 2011 அறிவிக்கையின் விடுதிகளுக்கான நெறிகளைப் படியுங்கள்: தனியார் நிலத்தைச் சுற்றி வேலி போடலாம், ஆனால் பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்வதை அது எவ்வகையிலும் தடுக்கக் கூடாது; இரண்டு விடுதிகளுக்கிடையே 20 மீட்டர் அகலத்துக்குக் குறையாத வழி விட வேண்டும். வேலி போட்டவருக்குப் பட்டா இருக்கிறதா, அல்லது அந்தப் புல எண் புறம்போக்கா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்த்துவிடுங்கள். புறம்போக்கு என்றால் அது ஆக்கிரமிப்பு. வட்டாட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டியது.

இதைவிட முக்கியமானது, இந்த அறிவிக்கைகளின்கீழ் தயாராகும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். மீனவ ஊர்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், படகுத் துறைகள், மீன் உலர்த்தும் களங்கள், பள்ளி, மருந்தகம், சாலை ஆகியவற்றை இந்த வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்றும், மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் இருக்க வேண்டும் என்றும் 2011 அறிவிக்கையே சொல்லிவிட்டது. ஆனால் 2023-இல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் மீது நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் முன்வைத்த முதன்மையான குறை, இவை வரைபடத்தில் விடுபட்டிருக்கின்றன என்பதே. 1:25,000 அளவில் வரையப்பட்ட தாளில் ஒரு குப்பம் விரல் நகத்தளவு இடம்தான் பிடிக்கும்; கருவாட்டுக் களம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே புல எண்கள் தெரியும் உள்ளூர் அளவு வரைபடத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதன்மேல் உங்கள் பயன்பாட்டுப் பகுதிகளை நீங்களே குறியுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தைக் கரையில் வயதானவர்கள் காட்டட்டும். கைப்பேசியில் ஜிபிஎஸ் பார்க்கத் தெரிந்த இளைஞர் பதிவு செய்யட்டும். ஒரு வாரத்தில் முடியக்கூடிய வேலை இது. இதை எந்தத் துறையும் உங்களுக்காகச் செய்து தராது.

இதோடு ஒட்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் மாதத்தின் வருவாய்த் துறை அரசாணை 172-இன்படி, புதிய வீடு இலவசமாகப் பெற்றவர்கள் 200 மீட்டருக்குள் இருந்த தங்கள் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் அப்படி ஒப்படைத்த மனைகள் இருந்தால், அவற்றின் இன்றைய நிலை என்ன, ஊர்ப் பொதுப் பயன்பாட்டில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீனவர் கடலோரத்தை விட்டுப் போனால் பாதுகாப்பு, வேறொருவர் அதே இடத்துக்கு வந்தால் சுற்றுலா என்றாகிவிடக் கூடாது.

தீர்மானத்தின் வாசகம் பற்றி: ‘கடலரிப்பைத் தடுக்க நடவடிக்கை எடுக்க அரசைக் கேட்டுக்கொள்கிறது’ என்று எழுதினால் அது எங்கும் போகாது. இன்ன புல எண்களில் உள்ள நிலம் இன்ன பயன்பாட்டில் இத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறது என்பதை இந்தச் சபை பதிவு செய்கிறது, இணைத்துள்ள வரைபடத்தின்படி அதைக் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தில் மீனவர் பொதுச் சொத்தாகச் சேர்க்கக் கோருகிறது, இன்ன இடத்தில் போடப்பட்ட வேலிக்கு ஊராட்சி அனுமதி எதுவும் வழங்கவில்லை என்று பதிவு செய்கிறது என்பதுபோல் ஒவ்வொன்றையும் தனித் தீர்மானமாக எழுதுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நகலைக் கேட்டு வாங்குங்கள். 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்; தலைவர் இல்லாத காலத்திலும் தீர்மானம் போடும் உரிமை சபைக்கு உரியதாகவே இருக்கிறது.

அந்த நகலைக் கொண்டுபோக வேண்டிய இடங்கள் இரண்டு. ஆட்சியர் தலைமையில் கடலோர மாவட்டங்களில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டம் ஒன்று. பல துறைகளின் அலுவலர்கள் அங்கே ஒரே மேசையில் இருப்பதால், ‘அது எங்கள் துறை அல்ல’ என்ற பதில் எழுவது கடினம். மற்றொன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஆட்சியர் தலைமையில் அமையும் மாவட்ட அளவிலான கடலோரக் குழு. அதில் மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் மூவராவது இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது, கூட்டக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். வேலி குறித்த புகாரை இந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். அதே நாளில் இன்னொரு நகல் வட்டாட்சியருக்கும் பதிவு அஞ்சலில் போகட்டும். அமைச்சரைப் பார்க்கப் போகும் ஊர்ப் பஞ்சாயத்தாரைத் தடுக்க வேண்டாம். அவர்கள் கையில் தீர்மான நகலையும் புல எண் வரைபடத்தையும் கொடுத்தனுப்புங்கள்.